வாயில் வெள்ளைத் திட்டா, ஆறாத புண்ணா? பார்க்கும் முறை

நல்ல வெளிச்சம், கையுறை, ஒரு துண்டு காஸ் துணி போதும். நோயாளிக்குப் பல்செட் இருந்தால் முதலில் கழற்றச் சொல்லுங்கள். கோளாறு அதன் அடியிலேயே ஒளிந்திருக்கலாம்.

வெள்ளைப் படலத்தைக் காஸால் துடையுங்கள். தயிர்த் திப்பி போல உரிந்து, அடியில் சிவந்திருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. இன்ஹேலர், சர்க்கரை நோய், அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் பற்றிக் கேளுங்கள். உரியவில்லையா? கன்னத்தை விரலால் இழுங்கள். அப்போது மறைந்தால் லூக்கோஎடீமா எனும் தீங்கற்ற வெண்மை, மருந்தே வேண்டாம். இரு கன்னத்திலும் வலைப்பின்னல் கோடுகள் இருந்தால் லைக்கன் பிளானஸ் எனும் நாள்பட்ட அழற்சியாக இருக்கலாம். இவை எதிலும் சேராத திட்டை லூக்கோபிளேக்கியா (புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு) என்றே கருதுங்கள். இடையே சிவப்பும் கலந்திருந்தால் பயாப்ஸியை (சிறு சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) தள்ளிப்போடவே கூடாது.

சாதாரண வாய்ப்புண் வட்டமாக, 1 செ.மீ.க்குள், சிவப்பு வளையத்தோடு சுரீரென வலிக்கும். 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். கூரான பல் குத்திய புண்ணென்றால் பல்லை மழுக்கிவிட்டு 2 வாரம் பாருங்கள். அப்போதும் ஆறாவிட்டால் பயாப்ஸிதான். வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. விரலால் தடவுங்கள்: ஓரம் தடித்து, அடி கெட்டியாக இருந்தால் உடனே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பலர் தவறவிடும் இடம் நாக்கின் பின்பக்க ஓரம். நுனியைக் காஸால் பிடித்து ஒருபக்கமாக இழுத்தால்தான் அது தெரியும்.

பாக்கு மெல்பவருக்குக் காரம் பட்டாலே எரிகிறது, வாயில் மூன்று விரல் நுழையவில்லை என்றால், கன்னத்தில் நார்ப்பட்டை தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் அது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், வாயின் உள்தோல் நாராகி இறுகும் நோய். பாக்கை அன்றே நிறுத்த வேண்டும்.