ஜூன் மாத ஏரியில் தூண்டில்: வெயிலை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கனடாவில் தூண்டில் எடுத்த முதல் ஆண்டு, மே மாத விக்டோரியா தின நீண்ட வார இறுதியில், விடிய நாலு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டு ரைஸ் லேக் என்ற ஏரிக்குப் போனோம். அன்று வெயில் 26 பாகை. கொத்துரொட்டி கட்டிக்கொண்டு போனோம். பிடிக்கப் போகும் மீனுக்கென்று குளிர்பெட்டி நிறைய ஐஸும் போட்டுக்கொண்டு போனோம். பின்னேரம் அந்த ஐஸ் உருகிய தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு வெறும் பெட்டியோடு வீடு வந்தோம். பத்து மணி நேரத்தில் தக்கை ஒரு தடவைகூடத் தாழவில்லை.

ஊரில் வற்று, பெருக்கு பார்த்துத்தான் தூண்டில் எடுப்போம். ஏரியில் அது இல்லை, ஆகவே எப்போது போனாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு கோடை வீணாய்ப் போன பிறகுதான் விளங்கியது, இங்கே வற்றுப் பெருக்கின் வேலையைத் தண்ணீரின் சூடு செய்கிறது. மே நடுவிலிருந்து ஜூன் முடிவுவரை அது கிழமைக்குக் கிழமை மாறும். மீனும் அதோடு சேர்ந்து இடம் மாறும். கீழே எழுதியிருப்பது ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளையும் சிம்கோ ஏரியையும் வைத்து நான் கற்றுக்கொண்டது. இன்னும் வடக்கே போனால் இதே கதை இரண்டு மூன்று கிழமை பிந்தி நடக்கும்.

லைசன்ஸ் எடுப்பது பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டாயம். ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என்று இரண்டு வகை உண்டு. கொன்சர்வேஷன் மலிவு, ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனின் எண்ணிக்கை குறைவு. முதல் ஆண்டுக்கு அதுவே தாராளம், நம்புங்கள். மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் போகும் ஏரி எந்த வலயம் என்று பார்த்து, அந்த ஆண்டுக்கான விதிச் சுருக்கத்தைத் தொலைபேசியில் இறக்கி வையுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது.

படி 1: சாமான்

ஆறரை அடி மீடியம் லைட் ஸ்பின்னிங் தடி, 2500 அளவு ரீல், 6 அல்லது 8 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்). அவ்வளவுதான். கடையில் பின்னல் நூலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்க வேண்டாம். அது நல்ல சாமான்தான், ஆனால் புதியவர் கையில் காற்றில் சுருண்டு குருவிக்கூடு ஆகிவிடும். கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பளபளக்கும் பெரிய பொய்மீன்களும் வேண்டாம். முதல் ஆண்டு நான் வாங்கிய ஏழும் இன்னும் பெட்டியில் இருக்கின்றன, ஒன்றில்கூட ஒரு பல் தடம் இல்லை.

6ஆம் இலக்கத் தூண்டில் முள், சின்ன ஈயக்குண்டு, பாசிமணியோடு வழுகும் தக்கை, மண்புழு. இந்த நாலும் போதும். வழுகும் தக்கை என்றால் தங்கூசி நடுவே ஓடும் தக்கை. எவ்வளவு ஆழத்தில் புழு நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் தங்கூசிமேல் ஒரு சின்ன நூல் முடிச்சுப் போட்டுவிடுவோம். வீசும்போது முடிச்சு ரீலுக்குள் சுற்றிக்கொள்ளும், ஆகவே மூன்று மீற்றர் ஆழத்துக்கும் சிரமமில்லாமல் வீசலாம். தடியிலிருந்து முள் பக்கமாக வரிசை இது: முடிச்சு, மணி, தக்கை, ஈயக்குண்டு, முள். மணியை மறந்தால் முடிச்சு தக்கையின் துளைக்குள்ளால் போய்விடும், புழு அடிச்சேற்றில் கிடக்கும். நீங்கள் தக்கையையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். நான் ஒரு முழுப் பின்னேரம் அப்படி இருந்தேன்.

படி 2: தண்ணீரின் சூட்டை அளப்பது

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு வெப்பமானி ஒன்று வாங்கினேன். டொக்கில் (படகுத்துறைப் பலகையில்) குந்தி, கையை நீட்டித் தண்ணீரில் பிடித்தேன். 20 பாகை காட்டியது. சரி, நல்ல சூடு என்று 20 பாகைக்குரிய இடமெல்லாம் தேடி வீசினேன். ஒன்றுமில்லை. பிழை என்னவென்றால், நான் அளந்தது வெயில் பட்ட மேல்தோலை. டொக் பலகைக்குப் பக்கத்தில், காற்றில்லாத மத்தியானத்தில், மேலே ஒரு சாண் தண்ணீர் தேநீர் மாதிரிச் சுடும். ஒன்றரை மீற்றர் கீழே அன்று 14 பாகைதான் இருந்திருக்கும்.

ஏன் இப்படி என்றால், தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் அடர்த்தி. ஏப்ரலில் பனிக்கட்டி உருகியதும் ஏரி முழுக்க ஏறக்குறைய ஒரே குளிராக இருக்கும், காற்று அதை அடிவரை கலக்கிவிடும். பிறகு வெயில் ஏற ஏற, சூடான தண்ணீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுகிறது. சிம்கோ மாதிரி 41 மீற்றர் வரை ஆழமுள்ள ஏரியில் ஜூனில் மேலே சூடும் கீழே குளிருமாக இரண்டு ஏரி இருப்பது போலத்தான். ரைஸ் லேக்கில் அதிக ஆழமே 8 மீற்றர் அளவுதான். அதனால் அது கெதியாகச் சூடாகும், நல்ல காற்று அடித்தால் திரும்பவும் கலந்துவிடும். ஒரே சனிக்கிழமை இரண்டு ஏரிக்கும் போனால் இரண்டு வேறு மாதம் போல இருக்கும்.

(ரைஸ் லேக்கின் பெயர் நம்முடைய சோற்றரிசியால் வந்ததல்ல. தண்ணீருக்குள் வளரும் காட்டரிசிப் புல்லால் வந்தது. முதற்குடி மக்கள் அதைப் படகில் போய் அறுத்தார்கள். அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய பிறகு பெரும்பகுதி அழிந்துவிட்டது.)

அளக்கும் முறை இது. வாய் அகன்ற சின்ன பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள், கடலை வெண்ணெய்ப் போத்தல் அளவு. அடியில் நாலு கூழாங்கல், அதற்குமேல் வெப்பமானி. கழுத்தில் கயிறு கட்டுங்கள், கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு. மூடி வேண்டாம். நிமிர்ந்தபடி மெதுவாக இறக்குங்கள். மேலே நிரம்பிய சூட்டுத் தண்ணீர் இலேசு என்பதால் கீழே போனதும் வாய் வழியே வெளியேறும், குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் விட்டு, இடையில் இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டி, பிறகு ஒரே இழுவையாகத் தூக்குங்கள். போத்தலுக்குள் இருக்கும் தண்ணீர் கீழே இருந்த தண்ணீர். வெறும் வெப்பமானியைக் கட்டி இறக்கினால், மேலே இழுக்கும் நேரத்துக்குள் அது சூட்டுத் தண்ணீரைக் கடந்து வந்து பொய் சொல்லும்.

ஒன்றரை மீற்றரில் ஒன்று, முடிந்தால் மூன்று மீற்றரில் ஒன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*பின்னால் சேர்த்தது:* வாசகர் ஒருவர் இறைச்சி அவிந்ததா என்று பார்க்கும் ஊசி வெப்பமானியைக் கட்டி இறக்கிவிட்டு, ஊசி அசையவே இல்லை என்று எழுதியிருந்தார். அதில் எண்கள் தொடங்குவதே 50 பாகைக்கு மேல். மீன்தொட்டிக்கு வைக்கும் மலிவான வெப்பமானி வாங்குங்கள், ஆனால் கண்ணாடிக் குழாய் வேண்டாம், கூழாங்கல்லில் உடையும். வாங்கும்போது பாகை செல்சியஸா பாரன்ஹைற்றா என்றும் பாருங்கள். இன்னொருவர் ஏரி 58 பாகை என்று பயந்துபோய் எழுதினார்.

படி 3: அளந்த சூட்டை வைத்து இடம் தேடுவது

10 முதல் 15 பாகை: பிக்கரலின் நேரம். வோல்ஐ என்றும் சொல்வார்கள், ஒரே மீன்தான். முட்டையிட்டு முடித்துப் பசியோடு ஆழமில்லாத இடத்துக்கு வந்திருக்கும். அந்த நேரம் நீர்க்களை அப்போதுதான் பச்சையாக முளைத்திருக்கும். அந்தப் பச்சையின் ஓரம், இரண்டு மீற்றர் அளவு ஆழம், புழு அடியிலிருந்து ஒரு சாண் மேலே. தூரத்துக்கு வீச வேண்டாம். முதல் ஆண்டு நான் மீனின் தலைக்கு மேலால் நடு ஏரிக்கு வீசிக்கொண்டிருந்தேன். கவார்த்தா ஏரிகள் இருக்கும் 17ஆம் வலயத்தில் பிக்கரல் பிடிக்கும் பருவம் மே இரண்டாம் சனிக்கிழமை திறக்கும். 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரை உள்ளதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், ஸ்போர்ட் லைசன்ஸுக்கு நாலு, கொன்சர்வேஷனுக்கு ஒன்று. விதி மாறக்கூடும், போகும் ஆண்டில் ஒரு தரம் பாருங்கள்.

15 முதல் 20 பாகை: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய நேரம். பேர்ச், கிராப்பி, புளூகில் போன்ற சின்ன மீன்கள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். இதே நேரம்தான் பாஸ் மீன் கூடு கட்டும். தெளிந்த தண்ணீரில் வட்டமாகத் துடைத்த மாதிரி மணல் தெரிந்தால், அதன்மேல் கரும்பச்சையாய் ஒன்று அசையாமல் நின்றால், அது காவல் நிற்கும் ஆண் பாஸ். அங்கே வீசாதீர்கள். அதைத் தூக்கிய சில நிமிடத்துக்குள் பேர்ச்சும் புளூகில்லும் முட்டையை முடித்துவிடும். ஜூன் பின்பாதி வரை பாஸ் மூடியிருப்பதும் இதனால்தான். தவறிக் கொத்தினால் உடனே விட்டுவிட வேண்டும், படம் எடுக்க நிறுத்தக்கூடாது.

20க்கு மேல்: புளூகில் கரையில் கூட்டமாக இருக்கும், யார் போட்டாலும் கொத்தும். பிக்கரல் பகலில் களையின் ஆழமான ஓரத்துக்குப் போய்விடும். படகில்லாதவர் பின்னேரம்வரை பொறுக்க வேண்டும். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணியாகும். அதற்கு முன் அரைமணியும் பின் அரைமணியும்தான் உங்களுக்கு. பிக்கரலின் கண்ணுக்குள் பூனைக் கண் போல ஒளியைத் திருப்பும் படலம் இருக்கிறது. மங்கலில் அது வடிவாகப் பார்க்கும், சின்ன மீன்கள் பார்க்காது.

படி 4: காற்று

எல்லோரும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். வீச்சு தூரம் போகும், முகத்தில் அடிக்காது. நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு நாள் மனைவிதான் எதிர்க்கரையைக் காட்டி, "நுரை எல்லாம் அங்கே ஒதுங்குது, கடற்பறவையும் அங்கேதான் சுத்துது, நீங்கள் ஏன் இங்கே நிற்கிறியள்?" என்று கேட்டார். காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் குவிக்கிறது. சூடும் அங்கே, மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்களும் அங்கே, அதைத் தின்னும் குஞ்சுமீனும் அங்கே. அலை வெளிச்சத்தையும் உடைத்துவிடும், ஆகவே பிக்கரல் பகலிலும் வரும். காரில் பத்து நிமிடம் சுற்றிப் போய் நின்றோம். அன்று எனக்கு வாழ்க்கையின் முதல் பிக்கரல், 41 சென்ரிமீற்றர்.

ஒரு விலக்கு. இரண்டு நாள் சூட்டுக்குப் பிறகு வடமேற்கிலிருந்து குளிர்காற்று அடித்து வானம் கண்ணாடியாய் நீலமாக இருந்தால், வீட்டில் இருங்கள். அல்லது புளூகில் பிடித்துக்கொண்டு இருங்கள்.

இன்னொன்று, ஈசல் போல ஒரு பூச்சி. ஜூனில் சில ஏரிகளில் இரவோடு இரவாகக் கோடிக்கணக்கில் எழும்பும். நோர்த் பே பக்கம் ஷாட்ஃபிளை என்பார்கள். சேற்றுக்குள் ஓராண்டு, இரண்டாண்டு இருந்துவிட்டு வெளியே வந்து ஓரிரு நாளில் செத்துவிடும். விளக்குக் கம்பம், கார்க் கண்ணாடி எல்லாம் அதுதான். அந்தக் கிழமை மீனின் வயிறு முட்ட அதுவே இருக்கும், உங்கள் புழுவைத் திரும்பியும் பாராது.

படி 5: கொத்திய பிறகு

தக்கை தாழ்ந்ததும் பதறி இழுக்க வேண்டாம். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தடியை உயர்த்துங்கள். கையை நனைத்துவிட்டு மீனைத் தொடுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். புளூகில்லின் முதுகு முள்ளைத் தலைப்பக்கமிருந்து பின்னோக்கித் தடவி மடக்கிப் பிடிக்க வேண்டும். பிக்கரலின் செவுள் மூடி சவர அலகு மாதிரி, பல்லும் உண்டு. ஊரில் மீன் தூக்குகிற மாதிரி விரலை உள்ளே விடாதீர்கள்.

சாப்பிடுவதற்கு முன், எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாணம் வெளியிடும் வழிகாட்டியைப் பாருங்கள். பெரிய மீனில் பாதரசம் கூட. குழம்புக்கு ஏரி மீன் கடல் மீன் போல வராது, சதை மென்மை, உடைந்துவிடும். பேர்ச்சை மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் போட்டுப் பொரிப்பதே எங்கள் வீட்டில் முடிவு.

*வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை:*

அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வார இறுதிகளில் கனடாவில் வசிப்பவர்கள் லைசன்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கொன்சர்வேஷன் எண்ணிக்கைதான் பொருந்தும், மூடியிருக்கும் மீன் மூடியதுதான். பெரும்பாலான ஆண்டுகளில் அன்னையர் தின வார இறுதியும் 17ஆம் வலயத்துப் பிக்கரல் திறப்பும் ஒன்றாக வரும், டொக்கில் நிற்க இடம் இராது.

படகு வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: வெயில் 28 என்றாலும் தண்ணீர் 13 ஆக இருக்கக்கூடும். அதற்குள் விழுந்தால் மூச்சுத் திணறி, நீந்தத் தெரிந்தவருக்கும் கைகால் ஓடாது. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சப் புழுவை என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கரையில் கொட்டக்கூடாது, தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டுவது குற்றம். இந்த நிலமெல்லாம் ஒருகாலம் பனிப்பாறைக்குக் கீழே கிடந்ததால் இங்கே சொந்தமாக மண்புழு இருக்கவில்லை. கடையில் விற்கும் பெரிய மண்புழு இந்தக் காட்டுக்கு வெளியாள், காட்டுத் தரையின் சருகையெல்லாம் தின்று தீர்த்துவிடும். மூடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குளிரூட்டியில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருக்கும். பெட்டிக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அது வருவது தயிர் விற்கிற மாதிரியே வெள்ளைப் பெட்டியில். மாமி ஒரு கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.