வக்கீலிடம் போகுமுன் முதல் தகவல் அறிக்கையைப் படியுங்கள்

வழக்குப் பதிவாகிவிட்டதா? முன்பணம் கொடுப்பதற்கு முன், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தரவிறக்கி, அதிலுள்ள பிரிவு எண்களைப் பாருங்கள். வழக்கு பெருந்துறையில் பதிவானாலும் பல்லடத்தில் பதிவானாலும், மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு தெரிந்தால் போதும், செலவில்லை.

வரப்புத் தகராறில் கைகலப்பாகி, பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 115(2), அதாவது காயப்படுத்துதல், போன்ற ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள் மட்டும் இருந்தால் கவலை குறைவு. காவல் நிலையத்திலேயே ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை; அதற்கு நீதிமன்ற ஜாமீன் மனுவுக்கான கட்டணம் எதற்கு? 109, அதாவது கொலை முயற்சி, இருந்தால் கதையே வேறு. அனுபவமுள்ள குற்றவியல் வக்கீலை உடனே பாருங்கள். 'ஊர்ப் பெரியவர் பேசி முடித்துவிடுவார்' என்று காத்திருக்க வேண்டாம்.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), பாலியல் குற்ற வழக்குகளின் அறிக்கை இணையத்தில் வராது. விசாரணையின் நடுவே பிரிவுகள் மாற்றப்படுவதும் உண்டு, எனவே பழைய நகலை நம்பி இருந்துவிடக் கூடாது. ஏற்கெனவே கைதாகியிருந்தால் இணையத்தில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்: காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைக்கும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் அழையுங்கள்.