பழைய சந்தையைப் புதுப்பிக்கப் பணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையின் (மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தை) மீன்கடை வரிசையில் நடந்தால் செருப்பு நனையாமல் வெளியே வர முடியாது. ஐஸ் உருகிய நீரும் மீன் கழுவிய நீரும் பலகை கழுவிய நீரும் தரையோடுகளின் மேல் வழிந்து, கம்பிச்சட்டம் போட்ட வடிகாலுக்குள் இறங்குகின்றன. இறங்காத கொஞ்ச நீர், ஓடுகளுக்கு நடுவே சாந்து தேய்ந்துபோன இடுக்குகளில் தங்கிவிடுகிறது. ஒரு சந்தையின் பழுதுச் செலவை அந்த இடுக்குகளிலிருந்துதான் கணக்கிடத் தொடங்க வேண்டும். ஆனால் நிதி பற்றிப் பேசக் கூடும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் கூரையிலும் சாயத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

வியாபாரிகள் சங்கம் ஒன்றுக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில், சந்தையின் மீது அக்கறை உள்ளவர்களே எங்கெங்கே சறுக்கிவிடுகிறார்கள் என்பதை இங்கே சொல்கிறேன்.

எது யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்ளாமலேயே மனு எழுத உட்கார்ந்துவிடுவது முதல் தவறு. சிங்கப்பூரில் சந்தைக் கட்டடம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், சுற்றுப்புற அமைச்சுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். கடைகளை வாடகைக்கு விட்டு நிர்வகிப்பது பெரும்பாலும் தேசியச் சுற்றுப்புற வாரியம். வீடமைப்புப் பேட்டைகளில் இருக்கும் சந்தைகளின் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம். கடைக்குள் இருக்கும் அலமாரியும் குளிர்பெட்டியும் கடைக்காரருடையவை. தனியாருக்கு விற்கப்பட்ட ஈரச்சந்தைகளும் இந்தத் தீவில் உண்டு. எங்கள் சங்கம் ஒரு முறை ஒழுகும் குழாய்க்காக மூன்று மாதங்கள் ஓர் அலுவலகத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் வேறோர் அமைப்பின் பொறுப்பு என்பது நான்காவது மாதத்தில்தான் தெரியவந்தது. அதற்குள் கீழே இருந்த மளிகைக் கடையில் இரண்டு மூட்டை அரிசி பாழாகிவிட்டது. சந்தையின் வரைபடத்தை முதலில் மேசைமேல் விரித்து, கூரை, தூண், வடிகால், மின்பெட்டி, கழிவறை என ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரை எழுதிவையுங்கள். எந்தச் செலவை எவரிடம் கேட்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் செய்துவிட்டு, தெரியாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். மீன்கடையின் உப்புநீர் கான்கிரீட்டுக்குள் ஊறி உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து பெயர்ந்து விழத் தொடங்குகிறது. இதைத் தடுப்பது ஓட்டுக்குக் கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. தேய்ந்த ஓடுகளை மட்டும் மாற்றிவிட்டுப் பூச்சைத் தொடாமல் விட்டால், சில ஆண்டுகளில் அதே புதிய ஓடுகளை உடைத்துத்தான் பூச்சுக்குப் போக வேண்டியிருக்கும். ஒரே தரைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தாகிவிடும். பூச்சு முடிந்ததும் ஓடு பதிக்குமுன் தளத்தில் ஒரு நாள் முழுக்க நீரைத் தேக்கிவைத்து, கீழே கசிகிறதா என்று பார்ப்பது நடைமுறை. கால அட்டவணை நெருக்கும்போது முதலில் கைவிடப்படும் வேலையும் இதுதான்.

மின்சாரத்தின் கதையும் இப்படித்தான். ஒரு விளக்கையும் ஒரு மின்விசிறியையும் நம்பிக் கட்டிய காலத்துக் கம்பிகளில் இன்று ஆட்டிறைச்சிக் கடைக்காரர் இரண்டு உறைபெட்டிகளையும் எலும்பு அறுக்கும் இயந்திரத்தையும் மாட்டியிருக்கிறார். எந்தக் கடைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதைக் கடை கடையாகப் போய்க் கேட்டு எழுதாமல் தயாரித்த மதிப்பீட்டை நம்ப வேண்டாம். பழைய கட்டடத்தில் சுவரைத் திறந்த பிறகுதான் பல உண்மைகள் வெளிவரும் என்பதால், எதிர்பாராத செலவுக்கென ஒரு தொகையை மதிப்பீட்டிலேயே வெளிப்படையாகக் காட்டிவிடுவது நல்லது. அதை மறைத்து, தொகையைக் குறைத்துக் காட்டி ஒப்புதல் வாங்கினால், பாதி வேலையில் மறுபடியும் கை நீட்ட வேண்டிவரும். அப்போது கொடுப்பவரின் நம்பிக்கை குறைந்திருக்கும்.

சந்தை மூடியிருக்கும் நாட்களைச் செலவாகவே எண்ணாமல் விடுவது அடுத்த தவறு. தேக்காவின் கடைகள் 2008ஆம் ஆண்டில் ரேஸ் கோர்ஸ் சாலையில் அமைத்த தற்காலிகச் சந்தைக்கு இடம் மாறின. சிங்கப்பூரின் இன்னொரு வட்டாரமான தியோங் பாருவில் பழைய சந்தையை இடித்துக் கட்டியபோது, 2004 முதல் 2006 வரை வியாபாரம் கிம் தியான் சாலையில் நடந்தது. 2023இல் ஜூலை தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் தேக்கா மூடப்பட்டிருந்தது; நவம்பர் 12ஆம் தேதி வந்த தீபாவளிக்குள் கடைகள் திறந்துவிட்டன. அந்த நாட்கணக்கின் அருமை, ஆட்டிறைச்சிக்கும் வாழையிலைக்கும் கூட்டம் முட்டிமோதும் பண்டிகை வாரத்தை ஒரு முறையாவது இழந்தவருக்குத்தான் தெரியும். வாடகை தள்ளுபடியானாலும் கடைக்காரரின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடன், உதவியாளரின் சம்பளம், மூன்று மாதத்தில் பேரங்காடிக்குப் பழகிப்போன வாடிக்கையாளர் என ஒவ்வொன்றும் அவர் தலையில்தான் விழுகிறது. அறுபது வயதைத் தாண்டிய கடைக்காரர்கள் பலர், மூடிய கடையைத் திரும்பத் திறப்பதா என்று யோசிப்பதும் அந்த இடைவெளியில்தான். வேலையைப் பகுதி பகுதியாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் ஒப்பந்தத் தொகை கூடும் என்பது உண்மைதான். ஆனால் முழுதாக மூடினால் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இழக்கும் தொகையை அதன் பக்கத்தில் எழுதிவைத்து ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நன்கொடையால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் சியாட்டல் நகரத்து அனுபவத்தைச் சொல்வேன். அங்கே பைக் பிளேஸ் சந்தை 1907இல் விவசாயிகள் நேரடியாக விற்கும் இடமாகத் தொடங்கியது. அதை இடிக்கும் திட்டத்தை நகர மக்கள் 1971இல் வாக்களித்து நிறுத்தினார்கள். 1980களில் சந்தையின் தரையை மாற்றுவதற்கு, ஒரு தரையோட்டுக்கு 35 டாலர் கொடுத்தால் அதில் பெயர் பொறித்துத் தருவதாக அறிவித்தபோது மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். இன்றும் அங்கே நடப்பவர்கள் அந்தப் பெயர்களின் மேல்தான் நடக்கிறார்கள். ஆனால் குழாய், மின்கம்பி, நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவூட்டல் போன்றவற்றுக்கு அந்த வழி போதவில்லை. அவற்றுக்காக 2008 நவம்பரில் நகர மக்கள் ஆறு ஆண்டுகளுக்கு 7.3 கோடி டாலர் வரையிலான சொத்து வரிக்கு வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். வேலையும் கட்டம் கட்டமாக நடந்தது. தன் பெயரோ தன் தாத்தாவின் பெயரோ தெரியும் பொருளுக்குக் கொடுக்க ஆள் இருக்கும், கழிவுநீர்க் குழாய்க்கு இருக்காது. ஆகவே நன்கொடையை இருக்கைக்கும் பெயர்ப்பலகைக்கும் வரலாற்றுப் படங்களுக்கும் வைத்துக்கொண்டு, குழாய்க்குப் பொதுப்பணத்தைக் கேட்பதே முறை. நம் ஊரில் சந்தைக்கென்று தனி வரி போட வாக்கெடுப்பு கிடையாது. நமக்கிருக்கும் வழி அரசாங்கத் திட்டங்களும் நகர மன்றம் நெடுங்காலப் பழுதுகளுக்கென ஒதுக்கிவைக்கும் நிதியும்தான்.

அந்தத் திட்டங்களின் பெரிய எண்களைப் பார்த்து மயங்கக் கூடாது. சந்தைகளையும் உள்ளடக்கிய உணவங்காடி நிலையங்களை மேம்படுத்த 2001இல் தொடங்கிய திட்டத்துக்கு 420 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2025இல் அறிவிக்கப்பட்டது 20 முதல் 30 ஆண்டுகளில் ஒரு பில்லியன் வெள்ளி வரை. ஆண்டுக் கணக்கில் பிரித்தால் அது 33 மில்லியனுக்கும் 50 மில்லியனுக்கும் இடைப்பட்ட தொகை. 120க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், புதியவற்றைக் கட்டும் செலவும் அதற்குள்தான். வரிசை வரும்வரை ஒழுகும் கூரையின் கீழ் காத்திருப்பதா, இடைக்காலப் பழுதை இப்போதே கேட்டு வாங்குவதா என்பதைச் சங்கம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

வரலாற்றுப் பெருமை தானாகவே பணத்தைக் கொண்டுவரும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. தேசிய நினைவுச்சின்னங்களைப் பழுதுபார்க்க 2008இல் ஏற்படுத்தப்பட்ட அரசாங்க நிதி, லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்கும் உரியது. வாடகை வாங்கும் சந்தைக்கு அந்தக் கதவு திறக்காது. இங்கே இரண்டு சந்தைகளை நினைத்துப் பார்க்கிறேன். தெலுக் ஆயரில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி வடிவமைத்து 1894இல் எழுந்த எண்கோண வார்ப்பிரும்புச் சந்தை, 1973இல் தேசிய நினைவுச்சின்னமானது. 1986இல் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) சுரங்கப்பாதைக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட அதன் இரும்புத் துண்டுகள் பிறகு பத்திரமாகத் திரும்பக் கோக்கப்பட்டன. இன்று லாவ் பா சாட் என்ற பெயரில் உணவங்காடியாக இருக்கும் அங்கே அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கலாம். மீனும் காய்கறியும் வாங்க முடியாது. தேக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1915இல் திறந்த கண்டாங் கெர்பாவ் சந்தைக் கட்டடம் இன்று இல்லை. 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்குப் போன வியாபாரம், சூஜியாவ் என்ற பெயரையும் தாங்கி, 2000இல் தேக்கா என்ற பெயருக்கே திரும்பி, இன்றும் முருங்கைக்கீரையும் நண்டும் விற்றுக்கொண்டிருக்கிறது. நிதி கேட்கும் மனுவில் கட்டடத்தின் வயதை எழுதுபவர்கள், எத்தனை கடைகளில் மகனோ மகளோ தொழிலுக்கு வந்திருக்கிறார்கள், வாடகை எவ்வளவு கூடினால் எத்தனை கடைகள் மூடும் என்பதையும் எழுத வேண்டும். புதுப்பித்த பிறகு ஏறும் வாடகையைக் கொடுக்க முடியாமல் கீரைக்காரர் போய்விட்டால், அந்தப் பணம் சந்தைக்குச் செலவழிந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூட்ட அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்படுவதும் செலவில் போய் முடியும் தவறுதான். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது முப்பது ஆண்டுகள் அங்கே நின்றவருக்குத் தெரியும். அவர் அதைத் தமிழிலோ ஹொக்கியனிலோ மலாயிலோதான் சொல்வார்.

வேலை முடிந்தபின் ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை, குறைகளைச் சரிசெய்யும் காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது வழக்கம். திறப்பு விழாவின் மகிழ்ச்சியில் குறைகளைப் பட்டியலிடாமல் அந்தக் காலத்தைக் கடக்கவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு பழுதும் புதிய செலவு. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் அதிகாரிகளோடு மீன்கடைக்காரர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் வரிசையின் கடைசி மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றட்டும். அது தேங்காமல் வடிகாலைப் போய்ச் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.