கீழே விழுந்த வானியல் கேமரா: பிழைத்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி?

இருட்டில் கேபிளில் கால் மாட்டி, டெலஸ்கோப்பில் செருகியிருந்த கேமரா மொட்டை மாடித் தரையில் விழுந்துவிட்டதா? உடனே லேப்டாப்பில் செருகிப் பார்க்காதீர்கள். கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஒரு திருகு கழன்று போர்டு மேல் கிடந்தால், விழுந்தபோது ஆகாத சேதம் மின்சாரம் கொடுத்த நொடியில் ஆகிவிடும். கேபிள்களைக் கழற்றி மூடியைப் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து, காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம், நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மழையிலோ பனியிலோ நனைந்திருந்தாலும் மின்சாரம் கூடாது. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, தவிட்டுத் தூள்தான் ஒட்டும். காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள்.

சத்தம் எதுவும் இல்லையா, சரி. மூடியைத் திறந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். மயிரிழை விரிசல்கூட நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் பளிச்சென்று கோடாகத் தெரியும்.

சென்சாரைக் குளிர வைக்கும் கூலர் உள்ள கேமராக்களில் மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வானியல் கேமரா தயாரிக்கும் இசட்-டபிள்யூ-ஓ (ZWO) நிறுவனத்தின் ஏஎஸ்ஐ (ASI) ப்ரோ வகைகளில் படம் எடுக்கும் பகுதி யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும், 12 வோல்ட் கூலருக்கு மட்டும்தான். வேறு சில கேமராக்களுக்கு 12 வோல்ட் இல்லாமல் உயிரே வராது, அதனால் உங்கள் கேமராவின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூஎஸ்பி மட்டும் போதும் என்றால் முதலில் அதை மட்டும் செருகுங்கள்.

கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லையா? ஹப்பை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள், அப்புறம் கேபிளை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வீட்டில் இருக்கும் பிரிண்டர் கேபிளை எடுத்து வாருங்கள். யூஎஸ்பி 3 கேமராக்களின் சதுரத் துளையில், மேலே ஒரு சின்ன மாடி போல இருக்கும் பகுதியில்தான் வேகமான இணைப்பின் பின்கள் இருக்கின்றன. கேபிள் இழுபட்டால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த மாடிதான். பிரிண்டர் கேபிள் கீழ்ப் பகுதியில் கச்சிதமாக உட்காரும், யூஎஸ்பி 2 வேகத்தில் பேசும். அதில் கேமரா எழுந்துவிட்டால் சென்சாரும் போர்டும் பெரும்பாலும் பிழைத்துவிட்டன, கோளாறு சாக்கெட்டில்தான். நெபுலா, கேலக்ஸி எடுப்பவருக்கு இதிலேயே வேலை ஓடிவிடும். ஐஎம்எக்ஸ்533 (IMX533) போன்ற 9 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், சுமார் 18 எம்பிதான், ஐந்து நிமிட எக்ஸ்போஷருக்குப் பிறகு அது இறங்க ஒரு நொடி ஆனால் என்ன? வியாழனையும் சனியையும் வீடியோவாக எடுப்பவருக்குத்தான் கஷ்டம். படம் பாதியில் வெட்டுப்பட்டோ கிழிந்தோ வந்தால், மென்பொருளில் யூஎஸ்பி டிராஃபிக் (கேமரா தரவு அனுப்பும் வேகம்) அளவைக் குறைத்துப் பார்க்காமல் சென்சாரைச் சந்தேகப்படாதீர்கள்.

அடுத்தது கூலர். அடாப்டரை முதலில் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்: 12 வோல்ட், நடுப் பின் பாசிட்டிவ். இருட்டில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைத் தவறுதலாகச் செருகுவதும் நடக்கிற விபத்துதான், பல அடாப்டர்களின் முனை உள்ளே போய்விடும். கூலர் 100 சதவீதத்தில் ஓடியும் வெப்பநிலை துளியும் இறங்கவில்லையா, பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். விழுந்த வேகத்தில் கூண்டு நசுங்கி இறக்கை உரசி நின்றிருக்கலாம். ஆனால் 30 டிகிரி சென்னை இரவில் மைனஸ் 10 கேட்டு அது எட்டவில்லை என்றால் அது பழுதில்லை. இந்தக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட சுமார் 35 டிகிரிதான் கீழே இறங்கும். 0 டிகிரி வைத்துச் சோதியுங்கள்.

இனி சென்சார். விபத்துக்கு முன் எடுத்த டார்க் ஃபிரேம் (மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) உங்களிடம் இருக்கும், அதே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), அதே வெப்பநிலை, அதே எக்ஸ்போஷர் நேரத்தில் புதிதாக ஒன்று எடுத்து இரண்டையும் ஒரே அளவு ஸ்ட்ரெட்ச் செய்து (மங்கலானது தெரியும்படி பிரகாசமாக்கி) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு இல்லாத நேர்கோடுகளோ பட்டைகளோ வந்தால் உள்ளே ஒரு இணைப்பு தளர்ந்திருக்கலாம். அங்கங்கே சில ஹாட் பிக்சல்கள் (இருட்டிலும் வெள்ளைப் புள்ளியாக மின்னுபவை) கூடியிருந்தால் கவலை வேண்டாம், விழாத கேமராவிலும் காலப்போக்கில் அவை கூடும். ஐஎம்எக்ஸ்294, ஐஎம்எக்ஸ்183 சென்சார்களில் ஓரத்தில் தெரியும் வெளிச்சமும் பிறவியிலேயே இருப்பது. இன்னொரு டார்க் எடுக்கும்போது கேமராவைச் சுற்றி டார்ச் அடியுங்கள். படத்தில் வெளிச்சம் ஏறினால் உடலில் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறது. மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் அலுமினியத் தாள் சுற்றிவிட்டுச் செய்யுங்கள், சில பிளாஸ்டிக் மூடிகள் அகச்சிவப்பை உள்ளே விட்டு உங்களை ஏமாற்றிவிடும்.

ஃபிளாட்டில், அதாவது சீரான வெளிச்சத்தை டெலஸ்கோப் வழியே எடுக்கும் படத்தில், புதிதாக வளையங்கள் தெரிந்தால் தூசி இடம் மாறியிருக்கிறது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டே சொல்லலாம்: வளையத்தின் விட்டத்தை டெலஸ்கோப்பின் எஃப் எண்ணால் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) பெருக்குங்கள். 3.76 மைக்ரான் பிக்சலில் 200 பிக்சல் அகல வளையம் என்றால் 0.75 மிமீ, எஃப்/5 டெலஸ்கோப்பில் தூசி சென்சாரிலிருந்து சுமார் 3.8 மிமீ தள்ளி இருக்கிறது. வளையம் பெரிதாக இருந்தால் வெளிக் கண்ணாடியிலோ ஃபில்டரிலோ இருக்கும், ரப்பர் புளோயரால் ஊதினால் போய்விடும். கூலர் ஓட ஓட படத்தின் நடுவில் ஒரு மங்கல் வளர்ந்துகொண்டே போனால் அது தூசி இல்லை, உறைபனி. சென்சார் அறையின் சீல் விட்டு ஈரக்காற்று புகுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் வந்தால் சீலையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஒரு மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் நீண்டு தெரிகின்றனவா? கேமராவை மட்டும் 180 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். படத்தின் அதே மூலையே கெட்டிருந்தால் சாய்வு கேமராவுக்குள் இருக்கிறது, முன்பக்க டில்ட் தகட்டின் (சாய்வைச் சரிசெய்யும் தகடு) திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். எதிர் மூலைக்கு மாறியிருந்தால் அடி வாங்கியது ஃபோகசர், அதாவது டெலஸ்கோப்பில் கேமராவைத் தாங்கி ஃபோகஸ் செய்யும் பகுதி.

உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். டார்க், ஃபிளாட் கோப்புகளையும் சாக்கெட்டின் புகைப்படத்தையும் விற்றவருக்கு அனுப்புங்கள், என்ன நடந்தது என்று உள்ளபடியே எழுதுங்கள். உத்தரவாதம் முடிந்து, யூஎஸ்பி அல்லது பவர் சாக்கெட் மட்டும் போயிருந்தால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தை மாதிரி இடங்களில் நன்றாகச் சால்டர் செய்பவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். சென்சார் அறையைத் திறக்கக் கூடாது, அந்தப் பக்கம் ஹாட் ஏர் (சால்டரை உருக்கும் சூடான காற்று) காட்டக் கூடாது என்று மட்டும் சொல்லி, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.