பழைய ஜப்பானிய வாள் வாங்குவதும் காப்பதும்: முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை

டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருக்கும் நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் முதல் ஜப்பானிய வாளை வாங்கினேன். அது 45.8 செ.மீ. அலகு கொண்ட ஒரு வாக்கிசாஷி, அதாவது குட்டை வாள். அதில் கொல்லர் பெயர் இல்லை. மினோ என்னும் பழைய வட்டாரத்தின் கொல்லர் மரபைச் சேர்ந்தது, எடோ காலத்தின் (1603–1868) முற்பகுதியில் அடிக்கப்பட்டது என்று சான்றிதழ் கூறுகிறது. வாங்கிய முதல் மாதத்தில் நான் தடுமாறிய இடங்கள் இரண்டு: பதிவு மாற்றம், பிடியையும் அலகையும் இணைக்கும் மூங்கில் ஆணி. ஆகவே அவ்விரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். ஜப்பானில் வசிக்கும் ஒருவர், வெளிநாட்டவராக இருந்தாலும், பழைய வாள் வைத்திருக்கத் தனி உரிமம் பெற வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு என்பது வாளுக்குத்தான், ஆளுக்கு அல்ல. மரபு முறையில் கையால் அடித்த, கலைமதிப்புள்ள வாளுக்கு மட்டுமே அந்தப் பதிவு கிடைக்கும். போர்க்காலத்தில் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த ராணுவ வாள்களுக்குப் பதிவு இல்லை. அவற்றை ஜப்பானில் வைத்திருக்கவும் முடியாது.

படி 1: இரண்டு தாள்களைப் பிரித்தறியுங்கள்

கடையில் வாளோடு இரண்டு தாள்கள் காட்டப்படலாம். ஒன்று 'தோரோகுஷோ' எனப்படும் பதிவு அட்டை. இதை மாநிலக் கல்வி வாரியம் வழங்குகிறது. வாளின் வகை, நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, காம்பில் (பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியில்) வெட்டியிருக்கும் பெயர், பதிவு எண், தேதி ஆகியவை அதில் இருக்கும். மற்றொன்று 'கந்தெய்ஷோ' எனப்படும் மதிப்பீட்டுச் சான்றிதழ். 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வழங்கும் சான்றிதழையே நான் நம்புகிறேன். அதில் கீழிருந்து மேலாக ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு தரங்கள் உண்டு. முதல் வாளுக்கு ஹோசோன் தாராளமாகப் போதும்.

பதிவு அட்டை வாளின் உண்மைத்தன்மைக்குச் சான்று அல்ல என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காம்பில் என்ன பெயர் வெட்டியிருக்கிறதோ அதுவே அட்டையில் எழுதப்படுகிறது. அப்பெயர் போலியாக இருந்தாலும் எழுதப்படும். ஜப்பானியர் இந்தப் பெயர்ப்பொறிப்பை 'மெய்' என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது உண்மை என்று ஒலிக்கும். வாங்குபவர் அப்படி எடுத்துக்கொள்ளலாகாது. 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த கொதெத்சு என்னும் புகழ்பெற்ற கொல்லரின் பெயரை எத்தனையோ வாள்களில் பிறர் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர், பெரிய பெயர் இருந்தும் சான்றிதழ் இல்லாத வாளைவிட, பெயரே இல்லாவிட்டாலும் சான்றிதழ் உள்ள வாளை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அலகின் நீளம் 60 செ.மீ.க்கு மேல் என்றால் கட்டானா, 30 முதல் 60 வரை வாக்கிசாஷி, அதற்குக் குறைவானது தாந்தோ. ஒரே தரத்தில் வாக்கிசாஷியின் விலை கட்டானாவை விடக் குறைவாக இருக்கும். எஃகின் அழகில் அது எவ்விதத்திலும் குறைந்தது அல்ல. இலையுதிர் காலத்தில் டோக்கியோவின் ஷிம்பாஷியில் நடக்கும் பெரிய வாள் சந்தைக்குச் சென்றால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அலகுகளைப் பார்க்கலாம். முதல் முறை வாங்கும் எண்ணமின்றிச் செல்லுங்கள். ரியோகொகுவில் உள்ள வாள் அருங்காட்சியகத்தை அதற்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. நல்ல எஃகு எப்படி இருக்கும் என்று கண் பழகிய பின்னரே சுமாரான எஃகு கண்ணுக்குப் பிடிபடும்.

குறைகளில் ஒன்றை மட்டும் மன்னிக்கவே கூடாது. வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல் அது, 'ஹாகிரே' என்பார்கள். விளக்கின் கீழ் அலகை மெல்லச் சாய்த்து, வாயின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தால்தான் அது தெரியும். மடிப்பு திறந்த கோடுகளும் சிறு கொப்புளங்களும் பழைய வாள்களில் இயல்பு. விலையில் அவற்றுக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளலாம்.

படி 2: அட்டையையும் அலகையும் கடையிலேயே ஒப்பிடுங்கள்

கடையில் நான் அலகை நாடா வைத்து அளந்தபோது அட்டையில் இருந்த நீளத்துக்கும் எனக்குக் கிடைத்த நீளத்துக்கும் பொருந்தவில்லை. நான் அளந்த முறை தவறு. நீளம் என்பது வளைவோடு சேர்ந்து செல்லும் அளவு அன்று. கூர்முனையிலிருந்து அலகின் முதுகுப் பக்கத்தில் காம்பு தொடங்கும் சிறு வெட்டு வரை, நேர்க்கோட்டில் எடுக்கும் அளவு அது. அந்த வெட்டை 'ஹபாக்கி' என்னும் உலோகக் கழுத்துப் பட்டை மறைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றாமல் சரியாக அளக்க முடியாது. கடைக்காரரிடம் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குத் தயங்குவதில்லை.

சரியான முறையில் அளந்தும் நீளமோ துளைகளின் எண்ணிக்கையோ பொருந்தாவிட்டால், அட்டை வேறு வாளுக்கு உரியதாக இருக்கலாம். அப்படிப்பட்ட வாளை நேரில் கொண்டுசென்று ஆய்வுக்கு உட்படுத்த வேண்டியிருக்கும். அந்த வேலை விற்பவருடையது. அது முடியும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: 20 நாட்களுக்குள் உரிமையாளர் மாற்றம்

வாளைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் உரிமையாளர் மாற்ற அறிவிப்பை அனுப்ப வேண்டும். படிவம் ஒரே பக்கம்தான், கட்டணமும் இல்லை. நான் இடறியது முகவரியில். நான் டோக்கியோவில் இருப்பதால் டோக்கியோவின் கல்வி வாரியத்துக்கு அனுப்பினேன். என் வாளின் அட்டை கிஃபு மாநிலத்தில் வழங்கப்பட்டது. அறிவிப்பு, அட்டையை வழங்கிய மாநிலத்துக்குத்தான் போக வேண்டும். வாங்கியவர் எங்கே குடியிருக்கிறார் என்பது பொருட்டே அல்ல. அது திரும்பி வந்து, நான் மறுபடி கிஃபுவுக்கு அனுப்பியபோது 20 நாளில் பெரும்பகுதி கழிந்திருந்தது. அட்டையின் மேற்பகுதியில் மாநிலத்தின் பெயர் இருக்கும். படிவத்தை நிரப்பும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூல அட்டையை வாளின் பையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வாளை வெளியே எடுத்துச் செல்லும்போது அட்டை கூடவே இருக்க வேண்டும். எடுத்துச் செல்வதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். பையில் இட்டு, வாய் கட்டி, எளிதில் உருவ முடியாதபடி கொண்டுசெல்லுங்கள்.

படி 4: எண்ணெய் மாற்றுதல்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் போதும். புதிதாகச் சாணை பிடித்த அலகு என்றால் முதல் ஓராண்டுக்கு அடிக்கடி பார்க்க வேண்டும். நான் ஜூன் மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முறையும் செய்கிறேன்.

தேவையானவை: ஆணி தள்ளும் சிறு பித்தளைச் சுத்தியல், மென்மையான காகிதம், 'சோஜி' எண்ணெய், பழைய ஃபிளானல் துணி. சோஜி என்றால் கிராம்பு. பெயர் அப்படி இருந்தாலும் இன்று விற்பது பெரும்பாலும் கிராம்பு மணம் சேர்த்த கனிம எண்ணெய்தான். பெட்டியாக விற்கும் பராமரிப்புத் தொகுப்பில் சிவப்புப் பட்டு உருண்டையில் பொதிந்த 'உச்சிக்கோ' என்னும் கல்மாவு இருக்கும். அதை நான் பயன்படுத்துவதில்லை. மலிவான உச்சிக்கோவில் சற்றே பருத்த துகள் ஒன்று இருந்தாலும் அலகின் மேல் கீறல் விழும். ஒவ்வொரு முறையும் தட்டித் துடைத்தால் நல்ல சாணையும் காலப்போக்கில் மங்கும். பழைய எண்ணெயை நீரற்ற எத்தனால் தோய்த்த காகிதத்தால் எடுப்பதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. ஆனால் அரக்குப் பூசிய உறையின் அருகில் அந்தப் புட்டியைக் கொண்டுபோகக் கூடாது. எத்தனால் பட்டால் அரக்கு கெட்டுவிடக்கூடும்.

மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, தரையில் கனமான துணி விரித்து உட்காருங்கள். அலகு வெளியே இருக்கும் வரை அதன் நேரே பேச வேண்டாம். எச்சில் தெறித்த இடத்தில் துரு தொடங்கும். வாய் மேல்நோக்கி இருக்க, இடக்கையால் உறையையும் வலக்கையால் பிடியையும் பற்றி, முதலில் ஹபாக்கி உறையிலிருந்து விடுபடும் அளவுக்கு மட்டும் மெல்ல இழுத்துத் தளர்த்துங்கள். பிறகு அலகின் முதுகு உறையின் மேல் வழுகி வரும்படி ஒரே சீராக உருவுங்கள். பக்கவாட்டில் உரசினால் கீறல். வாய் உரசினால் உறை அறுபடும்.

அடுத்தது மூங்கில் ஆணி. 'மெக்குகி' எனப்படும் இந்தச் சிறு ஆணிதான் பிடியையும் காம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதைத் தள்ளி எடுக்க நான் அரைமணி நேரம் போராடினேன். அசையாததால் ஓங்கித் தட்டினேன். அது மேலும் இறுகியது. ஆணி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை; பருத்த தலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். பிடியின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தப் பக்கம் ஆணியின் வட்டம் சிறிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். சரியான பக்கத்தைப் பிடித்துவிட்டால் சுத்தியலின் முனையை வைத்து விரலால் அழுத்தினாலே பெரும்பாலும் வந்துவிடும். என் முயற்சியில் ஆணியின் தலை பிளந்துபோனது. முற்றிய, நன்கு காய்ந்த மூங்கிலில் வேறொன்று செதுக்கி வாங்க வேண்டியதாயிற்று.

ஆணி வந்ததும் இடக்கையால் பிடியின் அடிமுனையைப் பற்றி, அலகை மேல்நோக்கிச் சற்றே சாய்த்து நிறுத்தி, வலக்கை முட்டியால் இடது மணிக்கட்டின் மேல் தட்டுங்கள். அதிர்வில் காம்பு சிறிது சிறிதாக மேலே எழும். தாந்தோ என்றால் மிக மெதுவாகத் தட்ட வேண்டும். காம்பு குட்டையாக இருப்பதால் அலகு துள்ளி வெளியே விழுந்துவிடக்கூடும். பிறகு கைக்காப்புத் தட்டையும் அதன் இரு புறத்து வளையங்களையும் வந்த வரிசையில் எடுத்து வைத்து, கடைசியாக ஹபாக்கியை உருவுங்கள்.

காகிதத்தை அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, அடியிலிருந்து முனை நோக்கி மட்டும் துடைக்க வேண்டும்; திரும்பத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் முழுவதும் போனபின் ஒரு குண்டு விளக்கின் எதிரே அலகைச் சாய்த்துப் பாருங்கள். வாயை ஒட்டி வெண்பனி போல ஓடும் கோடு 'ஹாமொன்'. அதற்கு மேலே எஃகில் மரத்தின் ரேகை போன்ற நுண்ணிய வரிகள் தெரியும். எஃகை மடித்து மடித்து அடித்ததால் வந்தவை. என் வாளில் முனைக்கு ஒரு சாண் கீழே அந்த ரேகை சுழித்துக் கண்போல் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கத்தான் எண்ணெய் மாற்றுகிறேன் என்றே சொல்லலாம்.

பார்த்து முடித்ததும் ஃபிளானலில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பூசுங்கள். வழியும் அளவுக்குப் பூசினால் அது உறைக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும்.

காம்பைத் தொடாதீர்கள்

இதைத் தனியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. காம்பில் படிந்திருக்கும் கருந்துருவைப் பார்த்தவுடன் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய நம் கை சும்மா இருக்காது. அந்தத் துரு அழுக்கு அல்ல. அந்த வாளின் வயதைக் காட்டும் சாட்சி. அதன் நிறத்தையும் அதற்கடியில் தெரியும், அரத்தால் இழுத்த கோடுகளையும் துளைகளையும் பார்த்துத்தான் காலத்தையும் மரபையும் அறிஞர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒரு முறை துலக்கிவிட்டால் அந்தச் சாட்சியத்தை மீட்க வழியே இல்லை. காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். அலகில் செந்துரு கண்டாலும் நீங்களாகத் தேய்க்காமல், பயிற்சி பெற்ற சாணைக்காரரிடம் கொடுங்கள்.

நீண்டகாலம் வைப்பதற்கு அலங்கார உறையைவிட 'ஷிராசாயா' என்னும் வெள்ளை மர உறையே சிறந்தது. ஹோ என்னும் ஜப்பானிய மக்னோலியா மரத்தின் இரு பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டிச் செய்வதால், உள்ளே துரு படிந்தால் பிளந்து துலக்கி மீண்டும் ஒட்டலாம். தோல் உறையிலும் பஞ்சு திணித்த பெட்டியிலும் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பிற்சேர்க்கை

தேங்காய் எண்ணெய் போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. டோக்கியோவின் குளிரில் அது உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் படியும். சோஜி கிடைக்காத ஊரில் மணமற்ற தையல் இயந்திர எண்ணெய் மேல்.

மற்றொருவர் வாளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிக் கேட்டார். ஜப்பானின் பண்பாட்டு முகமையிடம் அலகு, காம்பு ஆகியவற்றின் படங்களோடு விண்ணப்பித்து ஏற்றுமதி ஆய்வுச் சான்று பெற வேண்டும். வாள் வெளியேறும்போது பதிவு அட்டை திருப்பி ஒப்படைக்கப்படும். தேசியச் செல்வமாகவோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவோ அறிவிக்கப்பட்டவற்றுக்கு அந்தச் சான்று கிடைக்காது. பெரும்பாலான கடைகள் இதைத் தாமே செய்து தருகின்றன, அவர்களிடமே விடுங்கள். சென்று சேரும் நாட்டின் சட்டத்தை மட்டும் நீங்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2008 முதல் 50 செ.மீ.யும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களின் இறக்குமதிக்குத் தடை உண்டு. 1954க்கு முந்தியவையும் மரபு முறையில் கையால் செய்தவையும் விலக்குப் பெறுகின்றன. ஆகவே காலத்தைக் குறிப்பிடும் சான்றிதழை வாளோடு அனுப்புங்கள். இந்தியாவுக்கு என்றால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஆயுத இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறது. அதைக் கையில் பெறாமல் ஊருக்குப் போகும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வெளியே போன வாளை மீண்டும் ஜப்பானுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சுங்கத்தில் அறிவித்து, காவல்துறையிடம் தாள் பெற்று, பதிவு ஆய்வை முதலிலிருந்து கடக்க வேண்டும்.