மாதிரிப் புகையிரத எஞ்சினுக்கு ஒலியும் ஒளியும்: புதியவர்களுக்கான டி.சி.சி. செய்முறை

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் புறப்படக் காத்து நிற்கும் டீசல் எஞ்சினைப் பல வேளைகளில் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுகொள்கிறது. நின்ற இடத்திலேயே அது உறுமிக்கொண்டிருக்கும். சாரதி விசையைக் கூட்டியதும் முதலில் சத்தம் உயரும், அதன் பின்னரே சக்கரம் அசையும். மேசைமீது ஓடும் மாதிரி எஞ்சினிலும் அதே ஒழுங்கு அமைய வேண்டும் என்று விரும்பும் புதியவர்களுக்காக, டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாட்டின் வழியே ஒலி, ஒளி வசதிகளைப் பொருத்தும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். முப்பது பொத்தான்களுக்கும் சத்தங்கள் நிரம்பிய எஞ்சினைவிட, முன்விளக்கு, எஞ்சின் ஒலி, ஹோர்ன் ஆகிய மூன்றும் செம்மையாக அமைக்கப்பட்ட எஞ்சினே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் அந்த மூன்றிலேயே அதிக கவனம் செலுத்துவோம்.

தண்டவாளத்தில் நடப்பது என்ன?

பழைய டி.சி. (நேர் மின்னோட்ட) முறையில், தண்டவாளத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்துமே வேகத்தை மாற்றுகிறோம். எஞ்சினை நிறுத்தினால் தண்டவாளத்தில் மின்சாரமும் நின்றுவிடும்; விளக்கும் அணைந்துவிடும். டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எச்ஓ, ஓஓ எனப்படும் மாதிரி அளவுகளில் அது ஏறத்தாழ 15 வோல்ட். அது இடைவிடாமல் முனை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முனைமாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 58 மைக்ரோசெக்கன் சென்றால் அதை 1 என்றும், 100 மைக்ரோசெக்கன் அளவில் சென்றால் 0 என்றும் எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்றுப் பலகை வாசிக்கிறது. இவ்வாறு வரும் ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு முகவரி இருக்கும். தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் டிகோடர் ஏற்று, மோட்டரையும் விளக்குகளையும் ஸ்பீக்கரையும் தனித்தனியே இயக்குகிறது. அதனால்தான் எஞ்சின் நின்றிருக்கும்போதும் விளக்கு எரிகிறது, சத்தம் கேட்கிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் மாதிரிப் புகையிரதச் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990களில் பொதுத் தரநிலையை வகுத்தது. ஒரு நிறுவனத்தின் டிகோடரை இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியால் இயக்க முடிவது அந்தத் தரநிலையின் பயனே.

வாங்குவதற்கு முன்

பெட்டியில் 'டி.சி.சி. ரெடி' என்று எழுதியிருந்தால், எஞ்சினுக்குள் டிகோடர் செருகுவதற்கான சொக்கெட் மட்டுமே இருக்கிறது என்று பொருள். டிகோடரைத் தனியாக வாங்க வேண்டும். சொக்கெட்டில் 6 பின், 8 பின், 21 பின், நெக்ஸ்ட்18, பிளக்ஸ்22 எனப் பல வகைகள் உள்ளன. எஞ்சினுடன் வந்த கையேட்டில் எந்த வகை என்று பார்த்து, அதற்குரிய டிகோடரையே வாங்குங்கள். சாதாரண டிகோடரால் தனியே ஒலி எழுப்ப முடியாது. ஒலி வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஒலி டிகோடர் வாங்குவதே எளிது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது முழுத் தொகுதியாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தால், அதனுடன் வந்த மின்வழங்கியின் அடியில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். 120 வோல்டுக்கு மட்டுமென்று குறிக்கப்பட்டதை நமது 230 வோல்ட் மின்சாரத்தில் செருகவே கூடாது. அதே வெளியீட்டு மின்னழுத்தமும் மின்னோட்டமும் உடைய வேறொரு மின்வழங்கியைப் புறக்கோட்டையில் தேடிக்கொள்ளலாம். எல்.ஈ.டி., ரெசிஸ்டர், மெல்லிய வயர் போன்றவையும் முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் கிடைக்கும். டிகோடரைப் பொதுவாக வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டியிருக்கும்.

டிகோடரில் ஏற்றும் எஞ்சின் ஒலிகளின் பதிவான ஒலித் தொகுப்பைத் தெரிவுசெய்வதில் அவசரப்பட வேண்டாம். நமது எஞ்சின்களின் பெயரில் தொகுப்பு கிடைக்காவிட்டாலும், அவற்றுக்குள் இருக்கும் டீசல் இயந்திரத்தின் பெயரைத் தெரிந்துகொண்டால் வழி பிறக்கும். கனடாவிலிருந்து 1954 முதல் வந்த எம்2 எஞ்சின்களில் இருப்பது ஜெனரல் மோட்டர்ஸின் 12 சிலிண்டர் 567 வகை இயந்திரம். அதே இயந்திரம் எஸ்.டபிள்யூ.1200 என்ற அமெரிக்க ஷன்டிங் எஞ்சினிலும் இருப்பதால், அதற்கான ஒலித் தொகுப்பு எம்2 இற்கு நன்றாகப் பொருந்தும். இந்தியாவிலிருந்து வந்த எம்8 இல் இருப்பது அல்கோ 251 வகையின் 16 சிலிண்டர் இயந்திரம். அதற்கு அல்கோ சி-424 இன் தொகுப்பைக் கேளுங்கள். ஒலித் தொகுப்பை டிகோடரில் ஏற்றுவதற்குத் தனிக் கருவி தேவை என்பதால், முதல் டிகோடருக்காவது விற்பவரிடமே ஏற்றித் தரச் சொல்வது சிக்கனமானது.

முதற்படி: டிகோடரைச் செருகுதல்

எஞ்சினை முதலில் சாதாரண டி.சி. மின்சாரத்தில் இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். அப்போதே திக்கித் திணறும் எஞ்சின் டிகோடர் பொருத்தியபின் திருந்திவிடாது. நன்றாக ஓடினால் மேலுடலைக் கழற்றி, சொக்கெட்டில் இருக்கும் வெற்றுச் செருகியை நேராக மேல்நோக்கி இழுத்து எடுங்கள். டிகோடரைத் தொடுவதற்கு முன், நிலத்தொடுப்புள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்கிக்கொள்ளுங்கள்.

8 பின் செருகியில் செம்மஞ்சள் வயர் வரும் மூலையே முதலாவது பின். சொக்கெட்டிலும் ஒரு மூலையில் 1 என்றோ, சிறு அம்புக்குறியாகவோ, புள்ளியாகவோ அடையாளம் இருக்கும். இரண்டையும் பொருத்திச் செருக வேண்டும். தலைகீழாகச் செருகினால் பெரும்பாலும் எதுவும் எரிந்துபோகாது. எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும், விளக்குகள் எரியாது. இந்த இரண்டு அறிகுறிகளையும் ஒன்றாகக் கண்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செருகியைத் திருப்பிப் போடுங்கள்.

வயர்களின் நிறங்களை மனதில் பதித்துக்கொள்வது பின்னர் உதவும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை; செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு; வெள்ளை முன்விளக்குக்கு; மஞ்சள் பின்விளக்குக்கு; நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை. சொக்கெட் இல்லாத பழைய எஞ்சின் என்றால், மோட்டரின் இரு முனைகளும் சட்டகத்திலிருந்தும் தண்டவாளத் தொடர்பிலிருந்தும் முற்றாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனை சட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் டிகோடர் கருகிவிடும். அத்தகைய எஞ்சினைத் தொடக்கப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: முகவரி கொடுத்தல்

மேலுடலை மூடாமலே எஞ்சினை, டிகோடரின் அமைப்புகளை எழுதப் பயன்படும் நிரலிடும் தண்டவாளத்தில் வையுங்கள். ஓடும் பாதையிலிருந்து மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு துண்டுத் தண்டவாளம் இதற்குப் போதும். இங்கே மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், இணைப்பில் பிழை இருந்தாலும் டிகோடர் தப்பிவிடும்.

டிகோடரின் அமைப்புகள் எல்லாம் சி.வி. எனப்படும் இலக்கமிட்ட நினைவிடங்களில் உள்ளன. முதலில் சி.வி. 8 ஐ வாசியுங்கள். தயாரித்த நிறுவனத்தின் இலக்கம் திரையில் தோன்றும்: இ.எஸ்.யு. என்றால் 151, சிமோ என்றால் 145, லென்ஸ் என்றால் 99. வாசிக்கும்போது எஞ்சினைக் கூர்ந்து பாருங்கள். அது மிக மெல்லியதாகத் துடிக்கும். டிகோடர் மோட்டரைச் சில மில்லிசெக்கன் இயக்கி, அதனால் உயரும் மின்னோட்டத்தின் வழியாகவே பதில் சொல்கிறது. துடிப்பும் இல்லை, இலக்கமும் வரவில்லை என்றால் மோட்டர் இணைப்பையோ சக்கரத் தொடர்பையோ சந்தேகிக்க வேண்டும்.

புதிய டிகோடரின் முகவரி 3. இரண்டாவது எஞ்சின் வந்ததும் இரண்டும் ஒன்றாக ஓடத் தொடங்கும் என்பதால், எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தையே முகவரியாகக் கொடுப்பது நல்ல பழக்கம். சி.வி. 1 இல் எழுதும் குறுமுகவரி 127 வரைதான் செல்லும். 570 ஆம் இலக்க எம்2 இற்கு நெடுமுகவரி தேவை. 570 ஐ 256 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 58. ஈவுடன் 192 ஐக் கூட்டி வரும் 194 ஐ சி.வி. 17 இலும், மீதியான 58 ஐ சி.வி. 18 இலும், பின்னர் 34 ஐ சி.வி. 29 இலும் எழுத வேண்டும். அந்த 34 இல் உள்ள 32 நெடுமுகவரியைச் செயற்படுத்துகிறது. 2 நுண்ணிய வேகப்படிகளைத் தருகிறது. பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தக் கணக்கைத் தாமாகவே செய்துவிடும். ஆயினும் பிழை ஏற்படும்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: விளக்குகள்

கட்டுப்பாட்டுக் கருவியில் எஃப்0 பொத்தானை அழுத்தினால் செல்லும் திசையின் விளக்கு எரிய வேண்டும். எஞ்சினில் விளக்கே இல்லாவிட்டால் நாமே எல்.ஈ.டி. பொருத்தலாம். எல்.ஈ.டி.யின் நேர்முனையை நீல வயருடனும், எதிர்முனையை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெள்ளை வயருடனும் இணைக்க வேண்டும். நீல வயரில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும், வெண்ணிற எல்.ஈ.டி. 3 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும். மிகுதி 11 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 11 மில்லிஅம்பியரும், 2,200 ஓம் போட்டால் 5 மில்லிஅம்பியரும் பாயும். முன்னதில் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். எனக்குப் பின்னதே பிடிக்கும். கால் வொட் ரெசிஸ்டர் தாராளமாகப் போதும். ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு கணம்கூட இணைத்துப் பார்க்காதீர்கள். நீலம் கலந்த வெண்ணிறத்தைத் தவிர்த்து, சற்று மஞ்சள் சாயலுள்ள வெண்மையைத் தெரிவுசெய்தால் பழைய எஞ்சின்களுக்கு அழகாக இருக்கும்.

எந்தப் பொத்தான் எந்த வயரை இயக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். தரநிலையின்படி சி.வி. 33 முன்னோக்கிச் செல்லும்போது எஃப்0 இற்கும், சி.வி. 34 பின்னோக்கிச் செல்லும்போது எஃப்0 இற்கும், சி.வி. 35 எஃப்1 இற்கும் உரியவை. வெள்ளை வயரின் பெறுமதி 1, மஞ்சளுக்கு 2, மேலதிக விளக்குக்கான பச்சைக்கு 4. சாரதி அறைக்குள் ஒரு விளக்கைப் பச்சை வயரில் இணைத்தால், சி.வி. 35 இல் 4 இருக்கும்வரை எஃப்1 அதை எரிக்கும். புதிய ஒலி டிகோடர்கள் பலவற்றில் இதைவிட விரிவான தனிமுறை இருப்பதால், எழுதுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

நான்காம் படி: ஒலி

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது டிகோடரின் விலையைவிட ஸ்பீக்கர் பெட்டிதான். ஸ்பீக்கரின் தகடு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது; இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியின்றி வெறும் ஸ்பீக்கரை இயக்கினால் கொசுவின் ரீங்காரம்போல் மெலிந்து கேட்பது அதனால்தான். பின்புறத்தைச் சிறு பிளாஸ்டிக் பெட்டியால் மூடி, விளிம்பில் துளியும் காற்றுப் போகாதபடி பசையால் அடைத்துவிட்டால் அதே ஸ்பீக்கரில் உறுமல் கனத்து வரும். எஞ்சினுக்குள் இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய பெட்டியையே வையுங்கள். டிகோடர் தாங்கும் மிகக் குறைந்த ஓம் அளவையும் பார்க்க வேண்டும்: 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16 ஓம். ஸ்பீக்கர் வயர்கள் சட்டகத்தைத் தொடாதவாறு டேப் ஒட்டுங்கள்.

எஞ்சினை இயக்கித் தொடங்கும் பொத்தான் சில டிகோடர்களில் எஃப்1, சிலவற்றில் எஃப்8. உறுமல் தொடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது சத்தத்தைக் குறைப்பது. இ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரில் முழு ஒலியளவு சி.வி. 63 இல் உள்ளது. அதன் உச்சம் 192. சிமோவில் அது சி.வி. 266. வெள்ளவத்தை மாடிவீட்டு அறையொன்றுக்கு உச்சத்தில் பாதிகூட அதிகம். எஞ்சின் ஒரு மீற்றர் தூரத்தில் வரும்போது தெளிவாகவும், அறையின் மறுமூலைக்குப் போனதும் மங்கலாகவும் கேட்டால் அதுவே சரியான அளவு. ஹோர்ன் ஒலியைத் தனியே குறைக்க வழி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்; பல தொகுப்புகளில் அது மற்றவற்றை அமுக்கிவிடும்.

அடுத்து சி.வி. 3 ஐயும் சி.வி. 4 ஐயும் கவனியுங்கள். முன்னது வேகம் ஏறும் நேரத்தையும், பின்னது நிற்க எடுக்கும் நேரத்தையும் நீட்டுகின்றன. இரண்டும் மிகச் சிறிதாக இருந்தால், சத்தம் உயர்வதற்குள் எஞ்சின் பாய்ந்துவிடும். சி.வி. 3 இல் 30 அளவில் தொடங்கி, உறுமல் ஒரு படி ஏறிய பின்னரே சக்கரம் அசையும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சி.வி. 4 ஐக் கூட்டும்போது, நிறுத்தும் தூரம் நீளும் என்பதால் பாதையின் முடிவை மறக்க வேண்டாம். குழப்பம் மிஞ்சினால், பல நிறுவனங்களின் டிகோடர்களில் சி.வி. 8 இல் 8 ஐ எழுதினால் எல்லாம் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். முகவரியும் 3 ஆகிவிடும்.

சத்தம் விட்டு விட்டுக் கேட்டால்

மோட்டர் தன் உந்தத்தால் கடந்துவிடும் அழுக்கை ஒலி டிகோடரால் கடக்க முடியாது; ஒரு கணம் மின்சாரம் அறுந்தாலும் எஞ்சின் ஒலி மீண்டும் தொடக்கத்திலிருந்து வரும். இதற்கென டிகோடர் நிறுவனங்களே விற்கும், சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் தொகுதியைப் பொருத்தினால் சிறு இடைவெளிகள் தெரியாது. ஆனால் அது இருக்கும்போது நிரலிடும் தண்டவாளத்தில் சில கருவிகளால் சி.வி. வாசிக்க முடியாமற் போகலாம் என்பதால், மேலே சொன்ன அமைப்புகளை முடித்த பிறகே அதை இணையுங்கள்.

கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றும் ஈரப்பதனும் தண்டவாளத்தை விரைவில் கறுக்க வைக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் துடையுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் விழும் கீறல்களில் அழுக்கு இன்னும் எளிதாகத் தங்கும். சக்கரங்களுக்கு, அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்களைத் துணிமீதும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக இயக்குங்கள். துணியில் கரிய கோடுகள் விழுவது நின்றதும் எஞ்சினைத் திருப்பி வைத்து மறுமுனையையும் அவ்வாறே துடையுங்கள். அற்ககோல் நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் முழு மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்.