ஸ்டோரேஜில் டிஸ்க் பெட்டி சேர்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் ஸ்கேன் படங்களும் கேமராப் பதிவுகளும் பெருகப் பெருக, ரேக்கில் (கணினிக் கருவிகளை அடுக்கும் சட்டகத்தில்) உள்ள ஸ்டோரேஜுடன், அதாவது தரவுச் சேமிப்புக் கருவியுடன், இன்னொரு டிஸ்க் பெட்டியைச் சேர்க்கும் வேலை, பெரும்பாலும் அங்குள்ள கணினிப் பிரிவினர் தலையிலேயே விழுகிறது. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பொறியாளர் வரும்வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை. இவ்வேலையில் நேரும் தவறுகள் அன்றைக்கே வெளிப்படாதவை. புதிய பெட்டி திரையில் தெரியும், கொள்ளளவு கூடும், பச்சை விளக்கும் எரியும். ஏதேனும் ஒரு பாகம் பழுதாகும் நாளில்தான், ஒரு பாதை நின்றால் கைகொடுக்கும் இரண்டாவது பாதை என்று நம்பியிருந்தது பெயரளவிலேயே இருந்திருக்கிறது என்பது புலப்படும்.

இவற்றுள் தலையாயது கேபிள் இணைப்பு வரிசையில் நேரும் தவறு. டிஸ்க்குகளை இயக்கும் ஏ, பி என்ற இரண்டு கண்ட்ரோலர்களும், ஒவ்வொரு பெட்டியிலும் அவற்றின் கேபிள்களைச் செருக ஏ, பி என இரண்டு இணைப்புத் தொகுதிகளும் கொண்ட அமைப்பில் மூன்று பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஏ கண்ட்ரோலரிலிருந்து வரும் கேபிள் முதல் பெட்டியில் தொடங்கி இரண்டு, மூன்று என்று இறங்க வேண்டும். பி கண்ட்ரோலரின் கேபிள் மூன்றாவது பெட்டியில் தொடங்கி இரண்டு, ஒன்று என்று ஏற வேண்டும். அப்போது நடுப்பெட்டி முழுவதும் செயலிழந்தாலும் முதல் பெட்டியை ஏ வழியாகவும் மூன்றாவதை பி வழியாகவும் எட்ட முடியும். இரண்டு பாதைகளும் முதல் பெட்டியிலிருந்தே இறங்கினால், நடுப்பெட்டியோடு மூன்றாவதும் சேர்ந்து மறைந்துவிடும்.

நான்காவது பெட்டி வரும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. ஏ பக்கத்தில் மூன்றாவது பெட்டியிலிருந்து நான்காவதற்கு ஒரு கேபிளை நீட்டினால் போதும். பி பக்கத்திலோ, கண்ட்ரோலரிலிருந்து மூன்றாவது பெட்டிக்கு வரும் கேபிளைக் கழற்றி நான்காவதில் செருகி, அங்கிருந்து மூன்றாவதற்கு வேறொரு கேபிள் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோரேஜில் கேபிளைக் கழற்ற அஞ்சி, பி பக்கத்தையும் மூன்றாவதன் வாலிலேயே கட்டிவிடுகிறார்கள். அச்சம் நியாயமானதே, ஆனால் அதற்குத் தீர்வு, ஏ பக்கத்தை முதலில் இணைத்து, நான்கு பெட்டிகளும் அவ்வழியே குறையின்றித் தெரிகின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு பி பக்கத்தைத் தொடுவதுதான். ஒரே நேரத்தில் இரு பக்கங்களையும் கழற்றுவது கூடவே கூடாது. சில தயாரிப்பாளர்கள் வேறு வரிசையை விதிக்கிறார்கள் என்பதால், அந்தந்த மாடலின் கையேட்டில் உள்ள படத்தை அச்செடுத்து ரேக்கின் கதவில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

கேபிளைச் செருகியதும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிகளை இணைக்கும் எஸ்.ஏ.எஸ். வகைக் கேபிள் ஒன்றில் தரவு செல்லப் பொதுவாக நான்கு தடங்கள் உண்டு. தடத்துக்கு நொடிக்கு 12 கிகாபிட் என்றால் மொத்தம் 48. சரியாக அமராத கேபிளில் இரண்டோ மூன்றோ தடங்கள் மட்டும் வேலை செய்து, விளக்கு எரிந்தபடியே வேகம் குறையக்கூடும். ஆகையால் விளக்கைப் பார்ப்பதோடு நில்லாமல், மேலாண்மைத் திரையில் தடங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். உள்வரும் போர்ட், வெளிச்செல்லும் போர்ட் என்று பிரித்திருக்கும் மாடல்களில் அவற்றை மாற்றிச் செருகுவதும், ஒரே அடையாள எண்ணை இரண்டு பெட்டிகளுக்கு இடுவதும் அடிக்கடி நேர்கின்றன.

மின்சாரத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. பெட்டியின் இரண்டு பவர் சப்ளைகளும் இரண்டு வெவ்வேறு மின்பட்டைகளில் செருகப்பட்டிருக்கும். அந்த இரண்டு பட்டைகளும் ஒரே யுபிஎஸ்ஸில் போய் முடியும். தனித்தனி யுபிஎஸ் இருந்தாலும் கணக்கு முக்கியம்: ஒவ்வொன்றும் 60 விழுக்காடு சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தால், ஒன்று நின்றதும் மற்றொன்றின் மீது 120 விழுக்காடு ஏறி அதுவும் நின்றுவிடும். புதிய பெட்டியின் சுமையைச் சேர்த்த பிறகும் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும்.

எடையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபது டிஸ்க்குகள் கொள்ளும் 4யூ (ரேக்கில் நான்கு அலகு உயரமுள்ள) பெட்டி, நிறைந்த நிலையில் 100 கிலோவைத் தாண்டக்கூடியது. டிஸ்க்குகளைச் செருகாமல் வெறும் பெட்டியாகத் தூக்கி, ரேக்கின் அடியில் பொருத்திய பிறகே டிஸ்க்குகளை இட வேண்டும். மேல்தட்டில் ஏற்றி இழுப்பறையை இழுத்தால் ரேக்கே சாயலாம். செட்டிநாட்டுப் பழைய வீடுகள் அலுவலகமாகும்போது, இரண்டாம் கட்டு அறையொன்றில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையின் மேல் ரேக்கை உருட்டிக்கொண்டு போகிறார்கள். கையால் வார்த்த அந்த சிமென்ட் கற்கள், சிறு சக்கரத்தின் கீழ் குவியும் எடையில் விரிசல் விடக்கூடியவை. கனமான பலகையோ இரும்புத் தகடோ பரப்பிவிட்டு நகர்த்துவது கல்லுக்கும் நல்லது, ரேக்குக்கும் நல்லது. டிஸ்க் இல்லாத இடங்களில் மூடிகளை மாட்ட மறக்கவும் கூடாது. சித்திரை வெயிலில் காற்றோட்டம் தடம் மாறினால் டிஸ்க்குகள் சூடேறும்.

இணைப்பு சரியாக அமைந்த பின்னும், சில டிஸ்க்குகள் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு குழுவை அமைப்பதில் ஒரு பிழை காத்திருக்கிறது. புதிய பெட்டியின் டிஸ்க்குகளை மட்டும் கொண்டு ஒரு குழுவை உருவாக்குவது எளிது. ஆனால் அப்பெட்டி போனால் குழு முழுவதும் போகும். ரெய்டு 6 இரண்டு டிஸ்க்குகளின் இழப்பைத் தாங்கும். எனவே எட்டு டிஸ்க் குழுவை நான்கு பெட்டிகளிலும் இரண்டிரண்டாகப் பகிர்ந்தால், ஒரு பெட்டி முழுவதும் நின்றாலும் தரவு தப்பும்.

புதிய பெட்டியில் தரவை ஏற்றுவதற்கு முன்பே, பணிச்சுமை குறைந்த நேரத்தில், ஏ பக்கக் கேபிளை ஒருமுறை கழற்றி எல்லா டிஸ்க்குகளும் பி வழியே தெரிகின்றனவா என்று பார்த்து, அதை மீண்டும் செருகி, பாதை திரும்பியதை உறுதி செய்த பிறகு மறுபக்கத்தையும் சோதிக்க வேண்டும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளில் ஸ்டோரேஜை நிறுத்த நேர்ந்தால், கண்ட்ரோலரை முதலிலும் பெட்டிகளைப் பிறகும் அணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் பெட்டிகளுக்கு முதலில் உயிர் கொடுத்து, டிஸ்க்குகள் சுழன்று நிலைபெறச் சில நிமிடங்கள் விட்டு, அதன் பின்னரே கண்ட்ரோலரை இயக்க வேண்டும்.